செத்த பின் கூடும் ஊர், சாகுமுன் கூடலாகாதா?

(மானிப்பாயில் கமக்காரர், ஆசிரியர், உத்தியோகத்தர், மாதர் சங்கத்தார் ஆகியோர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கைதட்டல் பெறத்தக்க பொருளன்று. உரிமையைப் பற்றிப் பேசினால் உள்ளம் கிளரும்; மொழியைப் பற்றிப் பேசினால் தோள்கள் நிமிரும். நாமோ மாற்ற முடியாத நோயோடு பாயிலே கிடப்பவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். எனினும் இஃது அரசியலுக்குப் புறம்பான பொருள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஒரு சமுதாயம் தன்னைத் தானே ஆளத் தகுதி பெற்றதா என்பதை அதன் வலியவர் பேசும் பேச்சைக் கொண்டு அளப்பதிலும், அதன் மெலியவர் கிடக்கும் கிடையைக் கொண்டு அளப்பதே நேர்மையாகும்.

இவ்வூரில் எந்த ஒழுங்கைக்குள் சென்றாலும் முன்யன்னல் சாத்திய வீடு ஒன்றைக் காணலாம். உள்ளே ஒருவர் கிடக்கிறார். புற்றுநோயாக இருக்கலாம்; சிறுநீரகம் செயலிழந்ததாக இருக்கலாம்; பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்ததாக இருக்கலாம்; முதுமையால் நினைவு தேய்ந்ததாகவும் இருக்கலாம். “இனி வீட்டிலே வைத்துப் பாருங்கள்” என்று பெரிய வைத்தியசாலையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அச்சொல்லைக் கேட்டு வீட்டுக்கு வந்த குடும்பத்தின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டிலே வைத்து எப்படிப் பார்ப்பது? நள்ளிரவில் நோவு எழுந்தால் யாரை எழுப்புவது? முதுகில் புண் வந்தால் எதனால் கழுவுவது? உணவு இறங்காதபோது வற்புறுத்தி ஊட்டுவதா, விடுவதா? இவற்றை அந்த மனைவிக்கோ மருமகளுக்கோ யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

முதற் கிழமை உறவினர் வருகிறார்கள். கையிலே ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் கொண்டு வருகிறார்கள். வாசலில் நின்று “எப்படி இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். தமக்குத் தெரிந்த வேறொருவருக்கு இதே வருத்தம் வந்து எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிட்டுச் செல்கிறார்கள். இரண்டாவது மாதம் வருகை குறைகிறது. நான்காவது மாதம் படலை திறக்கும் ஓசையே கேட்பதில்லை. பின்பு ஒருநாள் பறை ஒலிக்கிறது. ஊர் முழுவதும் திரண்டு வருகிறது.

அன்பர்களே, இந்த முரண்பாட்டையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். எமது மக்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். மரணம் நிகழ்ந்த வீட்டில் எமது ஊரவர் காட்டும் ஒற்றுமையைக் கண்டு பிறர் வியப்பர். பந்தலுக்கு ஒருவர், கதிரைக்கு ஒருவர், விறகுக்கு ஒருவர், அயல்வீட்டிலிருந்து தேநீர், மறுநாள் உணவு, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாளும் கைகொடுக்கிறோம். மரண சகாய சங்கங்களை அமைத்து மாதந்தோறும் சந்தா கட்டி வருகிறோம். கல்வெட்டு அச்சிடுகிறோம், பத்திரிகையிலே கண்ணீர் அஞ்சலி வெளியிடுகிறோம். செத்தவருக்கு இத்தனை செய்யும் நாம், அவர் சாகுமுன் கிடந்த ஆறு மாதத்தில் அவருடைய தலையணையை ஒருமுறையேனும் திருப்பிப் போட்டோமா? அவருடைய மனைவி ஒரு பகற்பொழுது கண்ணயர இடம் கொடுத்தோமா?

காலம் மாறிய விதம்

முன்னாளிலும் மக்கள் நோயுற்றார்கள், வீட்டிலேயே உயிர்விட்டார்கள். ஆனால் அந்நாளில் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒரே வளவுக்குள் மூன்று தலைமுறை வாழ்ந்தது. இரவிலே விழித்திருக்க ஒருவர், பகலிலே கஞ்சி வைக்க ஒருவர், கால் பிடிக்க ஒருவர், தலைமாட்டில் இருந்து சிவபுராணம் ஓத ஒருவர் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இன்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஒருவர் இலண்டனில் இருக்கிறார். ஒருவர் கொழும்பில் இருக்கிறார். அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. போரும் பொருளாதாரமும் எமது குடும்பங்களைச் சிதறடித்தன. பணம் தவறாமல் வருகிறது. தொலைபேசியில் முகமும் தெரிகிறது. ஆயினும் தொலைபேசி, வியர்த்த நெற்றியைத் துடைக்காது. பணம், புரள முடியாத தாயைப் புரட்டிப் படுக்க வைக்காது. அதற்குக் கை வேண்டும். அந்தக் கை அருகிலே இருக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே, இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவர் அறுபது வயதை எட்டியவராக இருந்தனர். அத்தொகை ஏறிக்கொண்டே செல்கிறது. உலகளவில் ஆண்டுதோறும் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டோருக்கு நோவு தணிக்கும் பராமரிப்புத் தேவைப்படுகிறது என்றும், அவர்களில் நூற்றுக்குப் பதினால்வரே அதனைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. எஞ்சிய எண்பத்தாறு பேர் எங்கே கிடக்கிறார்கள்? எம்முடைய ஒழுங்கைகளைப் போன்ற ஒழுங்கைகளிலேதான்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். நாம் நெடுங்காலம் சாவை அதன் மிகக் கொடிய வடிவிலே கண்டவர்கள். குண்டிலும் செல்லிலும் ஒரு நொடியில் போன உயிர்களைக் கண்டவர்கள். அதனால், கட்டிலிலே கிடந்து சாவது ஒரு பாக்கியம் என்று எம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். “வயது போய்த்தானே, நோய் வந்துதானே போகிறார்” என்று ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நோவிலே முனகுகின்ற மனிதனுக்குத் தன் நோவுதான் போர். அந்தப் போர்முனையில் அவனைத் தனியே விட எமக்கு உரிமை இல்லை.

நோவு உடம்பில் மட்டும் இல்லை

எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர். பெயரும் ஊரும் வேண்டாம். வாயிலே புற்றுநோய். சிகிச்சைகள் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மருந்து கொடுத்தும் அவருக்கு இரவில் உறக்கம் இல்லை, அணத்திக்கொண்டே கிடந்தார். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டுமோ என்று வீட்டார் கவலைப்பட்டனர். அயலிலிருந்து வந்த ஓர் இளைப்பாறிய ஆசிரியர் மட்டும் கட்டிலின் அருகே அமர்ந்து, நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, பின்பு “அண்ணை, மனதிலே என்ன கிடக்கிறது?” என்று கேட்டார். பேச்சுக் குழறிய அந்த மனிதர் கையைக் காட்டித் தோட்டத்தைச் சுட்டினார். இரண்டு பரப்பில் வெங்காயம் நட்டிருந்தார். தண்ணீர் இறைக்க ஆள் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடன் அந்த வெங்காயத்தை நம்பி இருந்தது. தாம் போனபின் அக்கடன் மனைவியின் தலையில் விழும் என்பதே அவரைத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நான்கு இளைஞர் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டினர். முறை வைத்து இறைத்தனர். வெங்காயம் விளைந்தது, பிடுங்கிக் கட்டி விற்றுக் கடனை அடைத்தனர். அந்தக் கமக்காரர் அறுவடைக்குப் பின் சில நாளே இருந்தார். ஆயினும் அந்நாட்களில் அதே மருந்துக்கு அவர் உறங்கினார்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. மருத்துவ உலகம் இதனை முறையாக ஆராய்ந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிசிலி சோண்டர்ஸ் என்னும் ஆங்கிலேய மாது, முதலில் தாதியாகவும், பின்பு வைத்தியசாலைச் சமூக சேவையாளராகவும் பணியாற்றியவர். 1948ஆம் ஆண்டில், போலந்திலிருந்து வந்த ஓர் ஏதிலி இலண்டன் வைத்தியசாலையில் புற்றுநோயால் இறந்தார். உற்றார் உறவினர் அருகில் இல்லை. அவரோடு நெடுநேரம் பேசியிருந்த சோண்டர்ஸ் அம்மையாரிடம், இத்தகையோருக்கென ஓர் இல்லம் அமைத்தால் அதன் யன்னல் ஒன்றுக்கு ஆகட்டும் என்று ஐந்நூறு பவுணை அம்மனிதர் விட்டுச் சென்றார். அந்த யன்னலைச் சுற்றி ஒரு வீடு கட்டப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. சாகின்றவர்களுக்காகப் பேசினால் வைத்தியர்கள் செவிகொடுக்க வேண்டும் என்பதற்காக அம்மையார் தாமே மருத்துவம் கற்று, முப்பத்தெட்டாம் வயதிலே வைத்தியரானார். 1967இல் இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்கள் உலகெங்கும் பரவ அதுவே வித்தாயிற்று.

அம்மையார் நிலைநாட்டிய உண்மைகள் இரண்டு. நோவு எழுந்து நோயாளி கதறும்வரை காத்திராது, நேரம் தவறாமல் மருந்து கொடுத்து, நோவு தலைதூக்காமலே காக்கலாம் என்பது ஒன்று. உடல் நோவு, மன நோவு, குடும்பக் கவலை, உயிரைப் பற்றிய அச்சம் ஆகிய நான்கும் ஒன்றாய்ப் பின்னியதே நோயாளியின் முழு நோவு என்பது மற்றொன்று. முதலாவதற்கு வைத்தியர் வேண்டும். இரண்டாவதற்கு அயலவர் வேண்டும்.

கடலுக்கு அப்பால் கேரளம்

“இஃதெல்லாம் பணம் படைத்த இங்கிலாந்துக்கு ஆகும், எமக்கு ஆகுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. விடையை இங்கிலாந்தில் தேட வேண்டியதில்லை. தென்னையும் பனையும் செழித்த, எம்மைப் போலவே பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு முதியோர் வாழ்கின்ற கேரளத்தில் அதனைக் காணலாம்.

1993இல் கோழிக்கோட்டில் வைத்தியர்கள் இராசகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு சேர்ந்து நோவு தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். மருத்துவக் கல்லூரியை அண்டிய ஒரு சிறிய சிகிச்சை நிலையமே அதன் தொடக்கம். சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவர்களுக்கு விளங்கிற்று. நிலையத்துக்கு வரக்கூடியவன் அரை நோயாளி. முழு நோயாளி வீட்டிலே கிடக்கிறான். அவனிடம் செல்ல வைத்தியர் போதார். ஆதலின் 1999 தொடக்கம் ஊர்மக்களையே பயிற்றி, அயல்தோறும் தொண்டர் குழுக்களை அமைத்தனர். மலப்புறம் மாவட்டத்தில் இவ்வியக்கம் வேரூன்றிற்று.

அதன் அமைப்பு எளியது. கிழமைக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கக்கூடியவர் எவரும் தொண்டராகலாம். பதினாறு மணி நேர வகுப்பு. பின்பு நோயாளிகளின் வீடுகளில் நான்கு நாள் மேற்பார்வையோடு கூடிய பயிற்சி. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு குழு. அயலில் நீண்டகால நோயோடு கிடப்பவர் யாவர் என்று குழுவே கண்டறியும். பயிற்சி பெற்ற தாதி வீடு தேடிச் செல்வார். தேவைப்படும்போது வைத்தியர் வருவார். பணம் பெரும் தனவந்தரிடமிருந்து வரவில்லை. கடைகளில் வைத்த உண்டியலிலிருந்தும், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையிலிருந்தும், கூலி வேலை செய்வோரின் சிறு கொடையிலிருந்தும் வந்தது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், இடதுசாரி, வலதுசாரி யாவரும் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றனர்.

மக்கள் செய்துகாட்டிய பின் அரசாங்கம் அசைந்தது. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு நோவு தணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை ஒன்றை வகுத்து, ஊராட்சி மன்றங்களின் கடமைகளில் ஒன்றாக அதனை ஆக்கிற்று. இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் வைத்தியர்கள் அங்கே கற்றுக்கொள்ளச் செல்கின்றனர்.

இம்மண்ணுக்குப் புதிதன்று

பிறரைப் புகழ்வதோடு நிறுத்துவோமாயின் எமது மண்ணுக்கு அநீதி செய்தவராவோம். நாம் கூடியிருக்கும் இவ்வூரை எண்ணிப் பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முன்பே இங்கே மேனாட்டு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. கிறீன் அதனை முதலில் ஆங்கிலத்திலும் பின்பு தமிழிலும் கற்பித்தார். இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் தமிழிலே மருத்துவ நூலாயின. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று ஊரூராகச் சென்றனர். தம் கல்லறையில் தாம் தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்றே பொறிக்க வேண்டும் என அவர் விரும்பினார். இவ்வூரிலுள்ள வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிறீன் ஏன் தமிழைத் தெரிந்தார்? நோயாளியும் வைத்தியரும் ஒரே மொழியில் பேசாவிடின் மருத்துவம் முழுமை பெறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சாகும் படுக்கையில் இவ்வுண்மை இன்னும் கூர்மை பெறுகிறது. குத்துகிறதா, உளைகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா? இச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோவைக் குறிப்பன. வெவ்வேறு மருந்தை வேண்டி நிற்பன. இவற்றின் வேற்றுமையை எமது ஊர்ப் பெண்மணி ஒருத்தி அறிவது போல எந்தக் கருவியும் அறியாது. அவளுடைய செவியே தாதிக்கும் வைத்தியருக்கும் முதல் துணை.

ஊரவர் பணம் சேர்த்து வைத்தியசாலை அமைத்த வரலாறும் எமக்கு உண்டு. அரசாங்க அதிபராய் இருந்த டைக் என்பாரின் முயற்சியால் 1850இல் பொதுக் கொடையைக் கொண்டு தொடங்கப்பட்ட வைத்தியசாலையே இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. முப்பதுகளில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை கண்டனர். அண்மைக் காலத்தில், 2011இல், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் கால்நடையாய் வந்த கூட்டத்தைக் கண்டோம். 670 கிலோமீற்றர் நடந்த அந்தப் பயணம் திரட்டிய நிதியே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்தது. போர் ஓய்ந்து இரண்டே ஆண்டு. நடந்தவரில் சிங்களரும் இருந்தனர், தமிழரும் இருந்தனர். புற்றுநோய் எவரிடமும் மொழி கேட்டு வருவதில்லை என்பதை அந்நடை சொல்லாமற் சொல்லிற்று.

இன்னும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாளை மறந்தவர் இங்கே உளரா? வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. மழை. இருள். நாவற்குழி வீதியில் அடி வைக்க இடமில்லை. அன்று நடக்கமாட்டாத கிழவிகளைத் துவிச்சக்கர வண்டியில் ஏற்றித் தள்ளிச் சென்றோம். கதிரையிலே வைத்துத் தூக்கிச் சென்றோம். அவள் யாருடைய தாய், எந்தக் குறிச்சி, எந்தக் குலம் என்று அன்று எவர் கேட்டார்? அந்த ஓர் இரவில் நாம் செய்ததையே இன்று கிழமைக்கு இரண்டு மணி நேரம் செய்யுமாறு வேண்டுகின்றோம்.

எழக்கூடிய ஐயங்கள்

“இஃது அரசாங்கத்தின் கடமை, நாம் செய்தால் அரசாங்கம் தப்பித்துக்கொள்ளும்” என்பார் சிலர். கடமை அரசாங்கத்தினுடையதே, அதில் எமக்கு ஐயமில்லை. குழந்தை பிறக்கப்போகிறது என்றால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். அந்த ஏற்பாட்டினாலேதான் தாய்சேய் மரணத்தைக் குறைத்த நாடு என்று இலங்கை உலகப் புகழ் பெற்றது. வரும் உயிருக்குப் படலை தட்டும் அரசு, போகும் உயிருக்கும் அவ்வாறே தட்ட வேண்டும். 2019 முதல் 2023 வரையான நோவு தணிப்புத் திட்டத்தைச் சுகாதார அமைச்சு வகுத்தது. தெற்கே மகரகமவில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் நடைபெறுகிறது. ஏட்டில் எழுதியது எமது ஒழுங்கைவரை வர வேண்டும் என்று மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தையும் பிரதேச சபையையும் நாம் கேட்கவே வேண்டும். ஆனால் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கிடக்கின்றனர், எவருக்கு மருந்து எட்டவில்லை என்ற கணக்கைக் கையில் வைத்துக் கேட்பவனின் குரலே எடுபடும். அந்தக் கணக்கு தொண்டரிடம் இருக்கும். கேரளத்தில் நிகழ்ந்ததும் இதுவே.

“மோர்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், உயிர் விரைவில் போய்விடும்” என்பது இரண்டாவது அச்சம். கடும் புற்றுநோய் நோவுக்கு மோர்பின் இன்றியமையாத மருந்து என உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. அறிந்த வைத்தியரின் மேற்பார்வையில் அளவோடு கொடுக்கப்படும்போது அது நோவைத் தணிக்கிறதேயன்றி ஆளைக் கொல்வதில்லை. மலச்சிக்கல் போன்ற துன்பங்கள் உண்டு. அவற்றுக்கும் உடன் மருந்து உண்டு. மருந்தை எழுதுவது வைத்தியரின் வேலை. மருந்து நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறதா, தீருமுன் மீண்டும் எடுத்து வரப்படுகிறதா என்று பார்ப்பது தொண்டரின் வேலை. ஒன்றில் மற்றொருவர் கை வைக்கலாகாது.

மூன்றாவது, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பது. எமது வீடுகளில் நோயின் பெயரை நோயாளியிடம் மறைப்பதே அன்பு என்று கருதுகிறோம். மகன் அறிவான், மருமகள் அறிவாள், அயல் அறியும். கிடப்பவருக்கு மட்டும் “ஒன்றுமில்லை, சுகமாகிவிடும்” என்கிறோம். அவர் அறியாமலா இருக்கிறார்? தம் உடம்பு தமக்குச் சொல்லாததையா நாம் மறைக்கப்போகிறோம்? வீட்டார் அழுவார்களே என்று அவர் தெரியாதவர் போல நடிக்கிறார். அவர் அழுவாரே என்று வீட்டார் நடிக்கின்றனர். காணி உறுதி எங்கே, யாருக்கு எதைக் கொடுப்பது, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்ற சொற்கள் சொல்லப்படாமலே போகின்றன. வலிந்து உண்மையை உரைக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதிருப்போம். பேச விரும்பினால் பேச்சை மாற்றாதிருப்போம்.

நான்காவதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நாமே கேட்டுவிடுகிறோம். தொண்டர் எவருடைய வீட்டுக்குள் நுழைவார்? எவருடைய கையால் தண்ணீர் பருகுவார்? எவர் தம் வீட்டுக்குள் எவரை அனுமதிப்பார்? யாழ்ப்பாணத்துச் சமூகத்தின் பழம்புண் இதுவென்பதை அனைவரும் அறிவோம். சாதி பார்த்துப் படலை திறக்கும் தொண்டு தொண்டன்று. கோயிலைச் சேர்ந்தவர், தேவாலயத்தைச் சேர்ந்தவர், இரண்டையும் சேராதவர் யாவரும் ஒரே குழுவில் இருக்க வேண்டும். எந்த வீட்டில் எந்தக் கடவுளின் பெயரைக் கேட்க நோயாளி விரும்புகிறாரோ அப்பெயரே அங்கு ஒலிக்க வேண்டும். கிடப்பவரின் பலவீனத்தைத் தம் கொள்கைக்கோ மதத்துக்கோ கட்சிக்கோ பயன்படுத்துபவர் வாசலோடு நிற்கட்டும்.

செய்யத்தக்கவை

இனிச் செயலுக்கு வருவோம். கட்டடம் வேண்டாம், அடிக்கல் வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு சனசமூக நிலையத்தின் ஒரு மேசை போதும்.

முதலாவதாக, பன்னிரண்டு பேர். கமக்காரர், இளைப்பாறிய ஆசிரியர், தாதி, மாதர் சங்கத்தார், உயர்தரம் முடித்த இளைஞர் எனக் கலந்திருத்தல் நன்று. பெண்களைக் கழுவித் துடைக்கப் பெண்களே வேண்டும் என்பதையும் மறவாதிருப்போம். ஒவ்வொருவரும் கிழமைக்கு இரண்டு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொள்ளட்டும். கூடுதலாக வாக்களித்து இடையில் நிறுத்துவதிலும், குறைவாக வாக்களித்துத் தவறாது செல்வது மேல். வருவேன் என்று சொன்னவரை எதிர்பார்த்துக் கிடப்பவருக்கு வேறு நிகழ்ச்சிகள் இல்லை.

இரண்டாவதாக, பயிற்சி. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராமற் காக்கலாம். வந்த புண்ணை எப்படிக் கழுவுவது. உலர்ந்த வாயை எப்படி நனைப்பது. கட்டிலில் இருந்தபடியே எப்படித் தலைமுழுக வைப்பது. எதைக் கண்டால் உடனே வைத்தியரை அழைப்பது. இவற்றைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் தெல்லிப்பழையிலும் உள்ள வைத்தியர், தாதியரிடம் கேட்டுக் கற்போம்.

மூன்றாவதாக, பொருட்கள். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மலகூடக் கதிரை, சாய்வுக் கட்டில். ஒரு வீட்டில் வேலை முடிந்த பொருள் துருப்பிடித்துக் கிடக்க, அடுத்த ஒழுங்கையில் அதற்காக ஒரு குடும்பம் கடன் வாங்குகிறது. அவற்றைக் கேட்டுப் பெற்று, கழுவி, ஒரு பதிவேட்டில் எழுதி, இரவலாய்க் கொடுப்போம்.

நான்காவதாக, பணம். மரண சகாய சங்கங்கள் சந்தாவில் ஒரு சிறு பங்கை உயிரோடிருப்பவருக்கு ஒதுக்கட்டும். புலம்பெயர்ந்த பிள்ளைகள் தம் பெற்றோரின் ஆட்டைத் திவசத்தில் ஒரு நாள் அன்னதானத்துக்குக் கொடுப்பதைப் போல, ஒரு காற்று மெத்தைக்கும் கொடுக்கட்டும். கல்வெட்டின் பக்கங்களைச் சற்றுக் குறைத்தால் ஒரு நோயாளியின் போக்குவரத்துச் செலவு தேறும். வரவு செலவு மாதந்தோறும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் காட்டாத தொண்டு நெடுநாள் நில்லாது.

ஐந்தாவதாக, பராமரிப்பவரை மறவாமை. கிடப்பவருக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். மாதக்கணக்காய் அவள் முழு இரவு உறங்கவில்லை. அவளுக்காக ஒரு மாலைப் பொழுது கட்டிலருகே அமர்ந்திருப்பது பெரும் உதவி. அவள் கோயிலுக்குச் சென்று வரட்டும். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குச் செல்லட்டும். ஒன்றும் வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு அழட்டும். மரணத்துக்குப் பின்னும், அந்தியேட்டி முடிந்து ஊர் கலைந்த நாற்பதாம் நாளில், அவள் வீட்டுப் படலையை மீண்டும் ஒருமுறை தட்டுவோம்.

ஆறாவதாக, நாவடக்கம். ஒரு வீட்டில் கண்டதை மறு வீட்டில் சொல்லுபவர் இப்பணிக்கு ஆகார். நாட்டு வைத்தியமோ மேனாட்டு வைத்தியமோ, “இதைக் குடித்தால் மாறும்” என்று தாமாக மருந்து சொல்பவரும் ஆகார்.

அன்பர்களே, இவற்றுள் செய்ய முடியாதது எது? கமத்தொழிலை அறிந்தவர்கள் நீங்கள். ஒருவன் தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வைத்து இறைக்கத் தெரிந்த ஊருக்கு, ஒருவன் கட்டிலருகே முறை வைத்து இருக்கத் தெரியாமற் போகுமா? கணக்கும் சட்டமும் மருத்துவமும் கற்றவர்கள் உங்கள் நடுவே இருக்கிறார்கள். குறைவது மனத்துணிவு ஒன்றே. சாவின் அருகே அமர நாம் அஞ்சுகிறோம். என்ன பேசுவது என்று தெரியாமல் தயங்குகிறோம். பேச வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் செய்தது போல அருகே அமர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

மேடையை விட்டு இறங்குமுன் ஒன்றே கேட்கின்றோம். இம்மண்டப வாசலில் ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்குச் செல்லுமுன், கிழமையில் எந்நாள் எந்நேரம் உங்களால் இயலும் என்று அதில் எழுதுங்கள். நேரம் இல்லாதோர், தம் ஒழுங்கையில் முன்யன்னல் சாத்திய வீடு எது என்பதையாவது பொறுப்பாளரிடம் மெல்லச் சொல்லிச் செல்லுங்கள். பன்னிரண்டு பெயர் சேர்ந்தால் அடுத்த ஞாயிறே பயிற்சிக்கு நாள் குறிப்போம். ஆறு பெயரே சேர்ந்தாலும் அந்த ஆறு பேரோடு தொடங்குவோம்.